அடம்பன் கொடி: வன்னிக் கடற்கரையில் அடையாளம் காண்பது முதல் நட்டுப் பேணுவது வரை

தெற்கே கொக்கிளாயில் தொடங்கி நாயாறு, செம்மலை, அளம்பில், சிலாவத்தை, முல்லைத்தீவு, முள்ளிவாய்க்கால், மாத்தளன், சாலை என்று வடக்கே சுண்டிக்குளம் வரை, இலங்கையின் வடக்கே உள்ள வன்னியின் கிழக்குக் கரை பெரும்பாலும் திறந்த மணல். வாடைக் காலத்தில் கடல் அந்த மணலை அரித்துக்கொண்டு போகும். கடல் அடங்கியதும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிப் போடும். அப்படித் திரும்பி வந்த மணலைக் காற்று அள்ளி மீனவர் வாடிக்குள்ளும் கிணற்றுக்குள்ளும் வீதியிலும் கொட்டாமல், கரையிலேயே பிடித்து வைக்க ஏதாவது வேண்டும். அந்த வேலையை அங்கே காலம்காலமாகச் செய்து வருவது அடம்பன் கொடி.

கரையைக் காப்பது என்றதும் எல்லோருக்கும் மரம்தான் நினைவுக்கு வருகிறது. சவுக்கும் தென்னையும் நடுகிறோம். அதே நாளில், இடத்தைத் துப்புரவாக்குகிறோம் என்று அங்கே படர்ந்து கிடந்த அடம்பனை மண்வெட்டியால் வழித்து எறிந்துவிடுகிறோம். இது மாற வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். அலையைப் பார்த்து நிற்கும் வரிசையில் கொடிதான் முதல், மரம் கடைசி. கொடி மணலைப் பிடித்த பிறகுதான் மரத்துக்கே அங்கே நிலையான இடம் கிடைக்கும்.

ஒன்றை முதலிலேயே நேராகச் சொல்லிவிடுகிறேன். 2004 டிசெம்பர் 26 அன்று முல்லைத்தீவுக் கரை என்ன பட்டது என்பது நம் எல்லோருக்கும் தெரியும். அப்படியொரு அலையை எந்தக் கொடியும் நிறுத்தாது. அடம்பன் செய்வது வேறு வேலை. தினமும் வீசும் காற்றில் பறக்கும் மணலைத் தடுத்துச் சேர்த்து, வருடக்கணக்கில் அதை மேடாக்குகிறது. மேடு அப்படியே இருந்த இடங்களில் கடல் உள்ளே ஏறியது குறைவு என்பதையும், மேட்டை வெட்டித் திறந்த இடைவெளிகள் வழியாகவே தண்ணீர் பாய்ந்தது என்பதையும் அந்த ஆழிப்பேரலையின்போது நாட்டின் தென்கிழக்குக் கரையில் கண்டார்கள். மேடு வேண்டும் என்றால், அதைக் கட்டும் கொடியும் வேண்டும்.

கொடியை அடையாளம் காண்பது

இலையைப் பார்த்தால் போதும், பிழை வராது. நுனியில் நடுவே பிளந்து இரண்டு மடலாக, மான் குளம்பு மணலில் பதிந்தது போல இருக்கும். சங்கப் பாடல்களில் நெய்தல் நிலத்துப் பூவாக வரும் அடும்பு இதுதான். அங்கேயும் இலைக்கு மானின் அடியைத்தான் உவமை சொன்னார்கள். இலை தடிப்பானது, வழுவழுப்பானது, முறித்தால் பால் வரும். தண்டு மணலோடு ஒட்டி ஓடும். கணுவுக்குக் கணு வேர் இறங்கும். ஒரே தண்டு 10 மீற்றருக்கு மேல் ஓடுவதும் சாதாரணம்.

பூ இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த நிறம், புனல் வடிவம், வாய் 2 அங்குலம் வரை அகலம். உள்ளே எட்டிப் பார்த்தால் தொண்டைப் பக்கம் நிறம் கறுத்து வருவதையும், இதழ் முழுதும் ஒன்றாக இணைந்திருந்தாலும் ஐந்து கோடுகள் நட்சத்திரம் போல மையத்திலிருந்து விரிவதையும் காணலாம். விடியற்காலையில் விரியும், வெயில் ஏற ஏறச் சுருங்கும், பிற்பகலில் வாடிவிடும். ஒரு பூவுக்கு ஒரு நாள்தான். ஆகவே பூவைப் பார்க்கவோ படம் எடுக்கவோ போகிறவர்கள் காலை 9 மணிக்கு முன்பே கரைக்குப் போய்விடுங்கள்.

கையில் ஒரு இலையை எடுத்து, காம்பும் இலையும் சேரும் இடத்தைப் பாருங்கள். இரண்டு பக்கமும் சின்னப் புள்ளி மாதிரி ஒவ்வொரு சுரப்பி இருக்கும். அதில் தேன் கசியும். பூவே இல்லாத நாளிலும் எறும்புகள் இந்தக் கொடியில் ஏறி இறங்குவது அதற்காகத்தான். அந்த எறும்புகள் இலை தின்னும் பூச்சிகளைத் துரத்திவிடும். செடி கூலி கொடுத்துக் காவல் வைத்திருக்கிறது. இதைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். ஒருமுறை பார்த்த பிள்ளை அந்தக் கொடியைப் பிறகு காலால் உதைக்காது.

தாவரவியலில் இதன் பெயர் ஐபோமியா பெஸ்-கேப்ரே. 1753 இல் லின்னேயஸ் இதை விவரித்தபோது வேறு பேரினத்தில் வைத்தார்; பிறகுதான் ஐபோமியாவுக்கு மாறியது. வற்றாளையும் (சர்க்கரைவள்ளி) வள்ளல் கீரையும் இதே பேரினம்தான். இந்த உறவு நடும்போது நமக்கு மிகவும் உதவும், கீழே வருகிறேன்.

மாறிப் பிடிக்கக்கூடியவை இரண்டு. கரையிலேயே ஊதா நிறப் பூவோடு படரும் கடல் அவரை ஒன்று. அதற்கு மூன்று சிற்றிலைகள், அவரைப் பூ, நீளமான தடித்த காய். இன்னொன்று குளக்கட்டுகளிலும் வாய்க்கால் ஓரங்களிலும் இளஞ்சிவப்புப் பூவோடு ஆளுயரத்துக்கு வளரும் நெய்வேலிக் காட்டாமணக்கு. அது படர்கொடி அல்ல, வெளியூரிலிருந்து வந்து நீர்நிலைகளை அடைக்கும் செடி. அதைத் தவறியும் கரைக்குக் கொண்டுவர வேண்டாம்.

இடத்தைத் தெரிவு செய்வது

கடலிலிருந்து உள்ளே நடந்து பாருங்கள். முதலில் அலை நனைக்கும் வெறும் மணல். அடுத்து அலை ஒதுக்கிய குப்பைக் கோடு: சிப்பி, கடற்புல், வலைத் துண்டு, போத்தல். அதற்கு அப்பால் அடம்பன். அதோடும் அதற்குப் பின்னாலும் இராவணன் மீசை, முள்ளுப் பந்தாகக் காற்றில் உருண்டு போகுமே, அந்தப் புல். அதற்குப் பின்னால் எருக்கலை, நொச்சி, தாழை. பிறகுதான் பனையும் தென்னையும். கை படாத கரையில் இந்த ஒழுங்கு தெளிவாகத் தெரியும். நீங்கள் நடப்போகும் இடத்தில் இதில் எது குறைகிறது என்று பாருங்கள். அடம்பன் ஏற்கெனவே இருந்தால் நட வேண்டாம், வேலி போட்டுக் காத்தால் போதும். உண்மையில் பாதி இடங்களில் தேவைப்படுவது அவ்வளவுதான்.

நடும் கோடு எது என்பதில் அவசரப்பட வேண்டாம். ஆவணியில் போய்ப் பார்த்துவிட்டுக் கடல் இவ்வளவு தூரத்தில்தானே இருக்கிறது என்று முன்னுக்கு நட்டால், கார்த்திகை அலை எல்லாவற்றையும் கொண்டுபோய்விடும். போன வாடையில் அலை ஒதுக்கிய மிக உயர்ந்த கோட்டைத் தேடுங்கள். பழைய மரத்துண்டுகள், மக்கிய கடற்புல் அதைக் காட்டும். அது தெரியாவிட்டால் அந்தப் பாட்டில், அதாவது வலை இழுக்கும் இடத்தில், கரைவலை இழுக்கும் சம்மாட்டியை (வலைச் சொந்தக்காரரை) கேளுங்கள். கடல் எதுவரை ஏறும் என்பது அவர்களுக்குக் கைரேகை மாதிரித் தெரியும். அந்தக் கோட்டுக்கு உள்ளே இரண்டு மூன்று மீற்றர் தள்ளி நடுங்கள். கடல் பக்கத்தைக் கொடி தானாகவே பிடிக்கும்.

நந்திக்கடல் களப்பின் சேற்று ஓரத்துக்கு இது செடியல்ல. அங்கே கண்டலும் உமரியும்தான் பொருத்தம். மேற்கே பூநகரி, நாச்சிக்குடா, விடத்தல்தீவுப் பக்கத்திலும் சேறும் கண்டலும் உள்ள இடங்களை விட்டுவிட்டு, காற்று மணல் குவிக்கும் இடங்களை மட்டும் எடுங்கள். கச்சானும் மரக்கறியும் செய்கிற தோட்டத்துக்குப் பக்கத்திலும் நட வேண்டாம். கரையில் நல்லது செய்யும் அதே ஓட்டம் தோட்டத்தில் தொந்தரவு.

கடலாமை முட்டையிட ஏறும் கரை என்றால் இன்னும் கவனம். ஆமைக்குத் தோண்ட வெறும் மணல் வேண்டும். கொடியின் வேர்கள் முட்டைக் குழிக்குள் புகுவதும் உண்டு. அங்கே கடலைப் பார்த்த சரிவை அகலமாகத் திறந்து விட்டு, மேட்டின் மேலும் பின்னாலும் மட்டும் நடுங்கள். ஆமையும் முட்டையும் சட்டப்படி பாதுகாக்கப்பட்டவை என்பதை நட வருகிற எல்லோருக்கும் முன்பே சொல்லி வையுங்கள்.

தொடங்குவதற்கு முன் அனுமதியும் பாதுகாப்பும்

1981 ஆம் ஆண்டின் 57 ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, சராசரி உயர்நீர்க் கோட்டிலிருந்து நிலப்பக்கமாக 300 மீற்றர் வரை கரையோர வலயம். அதற்குள் வேலி அடிப்பதும் மண் அள்ளுவதும் நம் விருப்பத்துக்குச் செய்யக்கூடியவை அல்ல. கிராம அலுவலரிடமும் பிரதேச செயலகத்திலும் பேசி, கரையோரப் பாதுகாப்புக்குப் பொறுப்பான திணைக்களத்திடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். சுண்டிக்குளம் தேசியப் பூங்கா எல்லைக்குள் என்றால் வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி இல்லாமல் ஒரு தண்டும் வெட்டக்கூடாது.

கடதாசி அனுமதியைவிடக் கடற்றொழிலாளர் சங்கத்தின் சம்மதம் பெரியது. வலை இழுக்கும் பாடு எது, படகு ஏற்றும் இடம் எது, கருவாடு காயப்போடும் இடம் எது என்று அவர்களோடு நடந்து பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த இடங்களை விட்டுவிட்டு மிச்சத்தில் நடுங்கள். தொழிலுக்கு இடைஞ்சலாக நட்ட கொடி ஒரு மாதமும் தாங்காது, தாங்கவும் வேண்டியதில்லை.

அடுத்தது வன்னிக்கே உரிய எச்சரிக்கை. போர் நடந்த கரை இது. எச்சரிக்கைப் பலகை உள்ள இடத்துக்குள்ளும், ஆட்கள் நடமாடாத பற்றைக்குள்ளும் தோண்டப் போக வேண்டாம். மழையும் அலையும் மணலை அரித்த பிறகு பழைய வெடிபொருள் வெளியே தெரியக்கூடும். கண்டால் தொடாதீர்கள், கல் எறியாதீர்கள், வந்த தடத்திலேயே திரும்பிப் போய்ப் பொலிசாருக்கு அறிவியுங்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகும் ஆசிரியர்கள், தினமும் ஆட்கள் புழங்கும் கரையைத் தவிர வேறெங்கும் போகாமல் இருப்பதே சரி.

விதை எடுப்பது

பூ வாடி விழுந்த இடத்தில் உருண்டையான காய் திரளும். பச்சை நிறம் போய்ப் பழுப்பாகி, தொட்டால் காய்ந்த கடதாசி மாதிரிச் சரசரக்கும்போது பறியுங்கள். ஒரு காயில் வழமையாக நான்கு விதை. கருமை கலந்த பழுப்பு நிறம், பட்டு மாதிரிக் குட்டை மயிர் மூடியிருக்கும், பட்டாணியளவு இருக்கும். ஊசித் துளை விழுந்த விதைகளை ஒதுக்குங்கள். வண்டு உள்ளே இருந்து தின்றுவிட்டு வெளியே வந்த அடையாளம் அது. ஒரு இடத்தில் உள்ள காய்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்க வேண்டாம்.

விதை நெல்லைத் தண்ணீரில் போட்டு மிதப்பதைக் கழிக்கிற பழக்கம் நமக்கு உண்டு. அடம்பன் விதைக்கு அதைச் செய்தால் நல்ல விதை எல்லாம் குப்பைக்குப் போய்விடும். இது மிதப்பதற்கென்றே உருவான விதை. உள்ளே காற்று இருக்கும், தோல் தண்ணீர் புகாதது. கடலில் மாதக்கணக்கில் மிதந்து வேறொரு கரையில் ஒதுங்கி முளைக்கும். அத்திலாந்திக், பசுபிக், இந்து சமுத்திரம் என்று உலகத்தின் வெப்பக் கரைகள் எல்லாவற்றிலும் இந்தக் கொடி இருப்பதற்குக் காரணம் அதுதான். ஆகவே மிதக்கிறதா என்று பார்க்காதீர்கள். விரலால் அழுத்திப் பாருங்கள். கல் மாதிரி இருந்தால் நல்லது, நசிந்தால் எறியுங்கள்.

விதையை முளைக்க வைப்பது

தண்ணீரையே உள்ளே விடாத அந்தத் தோலை உடைத்துக் கொடுக்காவிட்டால் விதை மண்ணில் மாதக்கணக்கில் சும்மா கிடக்கும். கரையில் இந்த வேலையை மணலும் அலையும் உரசி உரசிச் செய்கின்றன. நாம் கையால் செய்ய வேண்டும்.

விதையில் ஒரு பக்கம், காயோடு ஒட்டியிருந்த தழும்பு தெரியும். முளை வருவது அந்தப் பக்கம், அதைத் தொடாதீர்கள். அதற்கு எதிர்ப்பக்க முதுகைக் கரடான சீமெந்துத் தரையில் அல்லது அரத்தில் தேயுங்கள். கறுப்புத் தோலுக்குக் கீழே வெளிறிய நிறம் ஒரு கடுகளவு தெரிந்ததும் நிறுத்திவிடுங்கள். நகவெட்டியால் ஓரத்தைக் கிள்ளியும் விடலாம். கை பழகினால் அது இன்னும் வேகம். பிறகு நல்ல தண்ணீரில் ஒரு இரவு ஊறவையுங்கள். காலையில் பார்த்தால் தோல் திறந்த விதை இரண்டு மடங்காக ஊதியிருக்கும். ஊதாததைத் திரும்பத் தேய்த்து மறுபடி ஊறப் போடுங்கள். எல்லா விதைக்கும் ஒரே அளவு தேய்ப்பு போதாது, பொறுமைதான் வேண்டும்.

ஊதிய விதையை அன்றைக்கே நடுங்கள், வைத்திருந்தால் அழுகும். ஆழம் ஒரு அங்குலம். அடம்பனுக்கு ஆணிவேர் நேராகக் கீழே போகும் என்பதால் அகலமான பையைவிட நீளமான பைதான் நல்லது. 8 அங்குல உயரமாவது இருக்கட்டும். முக்கால் பங்கு மணல், கால் பங்கு மக்கிய எரு. களிமண் வேண்டாம். ஒரு கிழமை அளவில் முளை தெரியும். முதலில் வரும் வித்திலைகள் ஆழமாகப் பிளந்திருக்கும். அதைக் கண்டு வேறு செடி முளைத்துவிட்டது என்று பிடுங்கிவிட வேண்டாம். மான் குளம்பு இலை பின்னால்தான் வரும்.

ஒரு மாதம் வரை நாளுக்கு ஒரு தரம் தண்ணீர். அப்புறம் இரண்டு நாளைக்கு ஒரு தரம், பிறகு மூன்று நாளைக்கு ஒரு தரம் என்று குறைத்து, பைகளை முழு வெயிலுக்கு நகர்த்துங்கள். நிழலில் செழிப்பாக வளர்ந்த கன்று கரை மணலின் சூட்டில் இரண்டு நாளும் நிற்காது. கன்று இரண்டு மாத வயதில் நடத் தயார். ஐப்பசி மழைக்கு நட வேண்டுமானால் ஆவணி நடுப்பகுதியில் விதை போட வேண்டும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

தண்டு நடுவது

விதைக்கு நேரமில்லாவிட்டால் தண்டு. வற்றாளைக் கொடி நடத் தெரிந்தவருக்கு இதில் புதிதாகப் படிக்க ஒன்றும் இல்லை.

ஒன்றரை அடி நீளத்தில், நான்கைந்து கணு இருக்கும்படி, முற்றிய பகுதியாக வெட்டுங்கள். கணுவில் வேர் ஏற்கெனவே தொடங்கியிருந்தால் மிக நல்லது. பெரிய இலைகளைக் கிள்ளிவிட்டு நுனியில் ஒன்றிரண்டை மட்டும் விடுங்கள். நனைத்த உரப்பையில் சுற்றி நிழலில் வைத்து, வெட்டிய நாளே நட்டு முடியுங்கள். தாய்க் கொடி கரையில் மணலைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். கடலைப் பார்த்து ஓடும் முன்வரிசைத் தண்டுகளில் கை வைக்காமல், பின்பக்கமாக நடைபாதையில் ஏறிக் கிடப்பதை எடுங்கள்.

தண்டு நடுகிறவர்கள் பெரும்பாலும் கவனிக்காத ஒன்று இருக்கிறது. ஒரே கொடியிலிருந்து நூறு தண்டு வெட்டி நட்டாலும் அது நூறு செடி அல்ல, ஒரே செடிதான். அடம்பன் தன் மகரந்தத்தால் தானே காய் பிடிப்பதில்லை. வேறொரு செடியின் மகரந்தம் தேனீயின் காலில் வந்தால்தான் விதை. ஒரே தாயின் தண்டுகளால் நிரப்பிய கரை பூத்துக் குலுங்கும், காய் இராது. ஆகவே அளம்பிலில் கொஞ்சம், செம்மலையில் கொஞ்சம் என்று தள்ளித் தள்ளி உள்ள பல இடங்களிலிருந்து தண்டு எடுத்துக் கலந்து நடுங்கள். விதைக் கன்றும் தண்டும் பாதிக்குப் பாதி கலந்தால் அதைவிட நல்லது.

நடும் காலமும் முறையும்

வன்னியில் வருடத்து மழையில் பெரும்பங்கு ஐப்பசிக்கும் மார்கழிக்கும் இடையில் விழுகிறது. முதல் இரண்டு நல்ல மழை விழுந்து, கையைப் புதைத்துப் பார்த்தால் முழங்கை வரை மணல் ஈரமாக இருக்கும்போது நடத் தொடங்குங்கள். ஆனால் அதே நேரத்தில்தான் கடலும் கொந்தளிக்கும், புயலும் வரும். அதனால் நான் இரண்டு தவணையாக நடச் சொல்வேன். மேட்டின் மேலும் பின்சரிவிலும் ஐப்பசி, கார்த்திகையில். முன்வரிசையை, கடல் அடங்கத் தொடங்கும் தை மாதத்தில், மணலில் ஈரம் இருக்கும்போதே. சித்திரைக்குப் பிறகு நடாதீர்கள். சோளகம் (தென்மேற்குக் காற்று) தொடங்கினால் மணல் வறண்டு பறக்கும், இளங்கொடி தாங்காது.

அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்று நாம் சொல்லிக்கொள்வது மேடைப் பேச்சுக்கு மட்டும் உரியது அல்ல, நடுவதற்கும் அதுதான் விதி. கரை நீளத்துக்கு அங்கொன்று இங்கொன்றாக நட்டால் காற்று ஒவ்வொன்றையும் சுற்றிக் குழி பறித்துவிடும். கையில் 80 கன்று இருந்தால் 20 மீற்றர் நீளத்துக்கு மட்டும் எடுங்கள். மூன்று வரிசை, வரிசைக்கு வரிசை ஒரு மீற்றர், கன்றுக்குக் கன்று ஒரு மீற்றர். முன்வரிசையில் இரண்டு கன்றுக்கு நடுவே உள்ள இடைவெளிக்கு நேரே பின்வரிசையில் ஒன்று வரட்டும். அதற்கு 60 போதும். மிச்சம் 20 செத்ததை மாற்ற. ஒரு துண்டு நிறைந்த பிறகு அதை ஒட்டி அடுத்த துண்டு.

கன்றானால் பையைக் கிழித்து மண் உடையாமல் இறக்கி, பையில் இருந்ததைவிட இரண்டு அங்குலம் ஆழமாக வையுங்கள். கழற்றிய பைகளை எண்ணி எடுத்துக்கொண்டு போங்கள், ஒன்றும் கரையில் கிடக்கக்கூடாது. தண்டானால் அரை அடி ஆழத்தில் வாய்க்கால் மாதிரிப் பறித்துப் படுக்க வைத்து, நுனி மட்டும் வெளியே தெரிய மூடி, காலால் நன்றாக மிதித்து இறுக்குங்கள். தளர்ந்த மணலில் வேர் பிடிக்காது. நட்டதும் ஒவ்வொன்றுக்கும் இரண்டு லீற்றர் நல்ல தண்ணீர். மழை ஒரு கிழமை விட்டால் திரும்ப ஊற்றுங்கள். வேர் பிடித்த பிறகு தண்ணீரும் தேவையில்லை, உரமும் தேவையில்லை. உரம் போட்டால் புல்தான் கொழுக்கும்.

வேலி

தகரம் அடிக்காதீர்கள். காற்றை முழுதாக மறித்தால் அது வேலிக்கு மேலாக ஏறி விழுந்து, இரண்டு பக்கமும் குழி பறிக்கும். காற்றில் பாதி ஊடே போகிற வேலிதான் மணலைச் சேர்க்கும். வேகம் குறைந்த காற்று சுமந்து வந்த மணலை அங்கேயே போட்டுவிட்டுப் போகும். நம்மூரில் அதற்கு ஏற்ற பொருள் கையிலேயே இருக்கிறது: பனை மட்டை, பழைய கிடுகு. மட்டைகளை ஒரு மட்டை அகல இடைவெளி விட்டு ஊன்றி, இரண்டடி உயரத்துக்கு நடும் இடத்தின் கடல் பக்கமாக அடியுங்கள். பழைய நைலோன் வலையால் வேலி கட்ட வேண்டாம். ஆமையும் பறவையும் சிக்கும், அறுந்தால் கடலுக்குத்தான் போகும். மணல் ஏறி மட்டை பாதி மூடினால் அது வெற்றி. மேலே இன்னொரு வரிசை ஊன்றலாம். மட்டை உக்கி மணலோடு போய்விடும், திரும்பக் கழற்றும் வேலையும் இல்லை.

ஆட்கள் கடலுக்குப் போக வழி விடுங்கள், இல்லாவிட்டால் வேலியை உடைத்துத்தான் போவார்கள். வழியைக் கடலுக்கு நேராக வெட்டாமல் சாய்த்து வெட்டுங்கள். நேரான வழிக்குள் காற்றும் அலையும் சேர்ந்து பாயும், மேட்டை அங்கேதான் முதலில் உடைக்கும்.

நட்ட பிறகு

கொடியைக் கொல்வதில் உப்பும் வெயிலும் பின்னுக்கு. முன்னால் நிற்பது காலும் சக்கரமும். உழவு இயந்திரம் ஒரு தடவை ஏறி இறங்கினால் கணு வேர்கள் அறுந்து அந்தத் தடத்தில் மணல் திறந்துவிடும். மாடுகள் கூட்டமாகப் படுக்கும் இடமும் அப்படித்தான். முதல் வருடம் இந்த இரண்டையும் தடுத்துவிட்டால் பெரும்பாலான வேலை முடிந்தது.

மணல் மூடுவதைக் கண்டு பயப்பட வேண்டாம், தோண்டி எடுக்கவும் வேண்டாம். மூட மூட நுனி மேலே ஏறி வரும், மூடின கணுக்கள் வேராகும். மேடு உயர்வது அப்படித்தான். இலையில் வண்டு அரித்த ஓட்டைகள் தெரியும். மருந்து அடிக்காதீர்கள், எறும்பையும் தேனீயையும்தான் அது முதலில் கொல்லும்.

கொத்தான் மட்டும் விட்டுவைக்கக் கூடாதது. இலையில்லாமல், பச்சையும் மஞ்சளுமான கம்பி மாதிரிக் கொடியைச் சுற்றிப் பின்னி, சாற்றை உறிஞ்சும். சின்னதாக இருக்கும்போதே, அது பிடித்த அடம்பன் துண்டோடு சேர்த்து வெட்டி, பையில் போட்டுக் கரைக்கு வெளியே கொண்டுபோய்க் காயவைத்து எரியுங்கள். அறுத்து அங்கேயே எறிந்தால் திரும்பப் பற்றும்.

கொடிக்குள் சிக்கிக் கிடக்கும் வலைத் துண்டுகளை இழுக்காதீர்கள், ஒரு மீற்றர் வலையோடு மூன்று மீற்றர் கொடி வேரோடு வரும். கத்தரிக்கோலால் துண்டு துண்டாக வெட்டி எடுங்கள். துப்புரவுச் சிரமதானம் வைக்கிறவர்களுக்கும் இதைச் சொல்லுங்கள்: குப்பை பொறுக்கக் கை மட்டும் போதும், மண்வெட்டியும் வாரியும் வேண்டாம்.

மருந்தாகப் பயன்படுத்துவது பற்றி

கடலில் சொறி (ஜெலிமீன்) பட்ட இடத்தில் அடம்பன் இலையைக் கசக்கிப் பூசுவது கடலோரத்துப் பழைய கைமருந்து. தாய்லாந்திலும் இதே பழக்கம் உண்டு. அங்கே இலைச் சாற்றை ஆராய்ந்து வீக்கத்தைத் தணிக்கும் தன்மை இருப்பதைக் காட்டினார்கள். ஆனாலும் மூச்சுத் திணறல், மயக்கம், உடம்பெல்லாம் தடிப்பு என்று வந்தால் இலை தேடி நிற்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடுங்கள். விதையையோ வேரையோ யாரும் தின்னக்கூடாது. வற்றாளைக்கு உறவு என்பதால் கிழங்கு இருக்கும் என்று தோண்டிப் பார்ப்பதும் வீண்.

இரண்டாம் வருடம்

முதல் மாரி கடந்து கொடி வரிசைகள் ஒன்றோடொன்று பின்னியிருந்தால், அதன் பின்னால் இராவணன் மீசையையும், அதற்கும் பின்னால் நொச்சியையும் தாழையையும் சேர்க்கலாம். மரம் நட ஆசைப்படுகிறவர்கள் அதற்குப் பிறகு வாருங்கள். சவுக்கை மட்டும் கொடிக்கு மேலே நிழல் விழுகிற அளவுக்குக் கிட்ட நட வேண்டாம். அடம்பனுக்கு முழு வெயில் வேண்டும். சவுக்கின் நிழலிலும் உதிர்ந்த ஊசியிலைப் படுக்கையிலும் அது மெல்ல மெல்ல இல்லாமல் போய்விடும்.

செத்த கன்றுகளை இரண்டாம் ஐப்பசியில் மாற்றுங்கள். அதற்கு வேண்டிய விதையை உங்கள் துண்டிலேயே எடுக்கப் பாருங்கள். காய் பிடித்திருந்தால், தண்டு கலந்து நட்டது சரியாக அமைந்திருக்கிறது என்று பொருள். பிடிக்காவிட்டால் தூரத்துக் கரை ஒன்றிலிருந்து பத்துப் பதினைந்து விதைக் கன்று கொண்டுவந்து நடுவில் சேருங்கள். எடுத்த விதையை நிழலில் இரண்டு நாள் உலர்த்தி, மூடியுள்ள டின்னில் போட்டு, மேலே எடுத்த கரையின் பெயரையும் மாதத்தையும் எழுதி வையுங்கள். தோலைத் தேய்க்காத விதை அடுத்த மாரி வரைக்கும் பழுதில்லாமல் இருக்கும். தேய்ப்பதை விதை போடுவதற்கு முந்திய நாள் வைத்துக்கொள்ளுங்கள்.